ஊசி குத்தாமல் இதயத்தை அளப்பது: அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், இருபது நிமிஷம் பேசணும். ஆனா லெக்சர் மாதிரி இருக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டார். ஹாஸ்டல் கதைகளையும் மெஸ் சாம்பாரையும் பற்றிப் பேச எனக்குப் பின்னால் வருகிறவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் தினமும் என் முன்னால் வந்து நிற்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கலாம் என்று நினைக்கிறேன். கண் டாக்டர்களும் தோல் டாக்டர்களும் கொஞ்சம் பொறுத்துக் கொள்ள வேண்டும். எண்ணைக் காட்டும் கருவி எந்தத் துறையில்தான் இல்லை?

கேள்வி இதுதான். இந்த நோயாளியின் இதயம் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது? கார்டியாக் அவுட்புட் என்று முதலாண்டு பிசியாலஜியில் படித்தது. ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, பெருக்கினால் சுமார் 5 லிட்டர். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டோம். ஆனால் மூச்சுத் திணறலோடு கட்டிலில் படுத்திருக்கும் ஒரு மனிதரிடம் அந்த 5 லிட்டர் 5-ஆகத்தான் இருக்கிறதா, 3-ஆ, 2-ஆ என்று எப்படித் தெரிந்து கொள்வது? அங்கேதான் சிக்கல்.

தண்ணீர் லாரிக் கணக்கு

இதற்கு முதன்முதலில் வழி சொன்னவர் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர். 1870-ல் வூர்ட்ஸ்பர்க் நகரில் ஒரு அறிவியல் கழகத்தில் மிகச் சிறிய குறிப்பு ஒன்றை வைத்தார். அவர் சொன்னது எளிய கணக்கு. கோடைக் காலத்தில் நம்ம தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு லாரியும் 50 குடம் இறக்கிவிட்டுப் போகிறது. அன்று தெருவுக்கு மொத்தம் 250 குடம் கிடைத்தது. அப்படியானால் எத்தனை லாரி வந்தது? ஐந்து. லாரியைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம்.

அதே மாதிரிதான். உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜன் செலவழிக்கிறது. ஒவ்வொரு லிட்டர் ரத்தமும் 50 மில்லி ஆக்சிஜனைத் திசுக்களுக்கு இறக்கி வைக்கிறது. எனவே ஓடியது 5 லிட்டர். இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபிக் இதைச் சொன்னாரே தவிர, அளந்து பார்க்கவில்லை. காரணம், கணக்குக்கு நுரையீரல் தமனியிலிருந்து ரத்த மாதிரி வேண்டும். உயிரோடு இருக்கும் மனிதனின் இதயத்துக்குள் யார் குழாய் விடுவது?

1929-ல் விட்டார் ஒருவர். எபர்ஸ்வால்டே என்ற ஜெர்மானிய ஊரில், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இருபத்தைந்து வயது இளம் டாக்டர் தன்னுடைய கையின் சிரை வழியாகத் தானே ஒரு ரப்பர் குழாயை இதயம் வரை செலுத்தி, அப்படியே நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துக் கொண்டார். அந்த வழியை நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவரும் 1940-களில் ஒழுங்கான பரிசோதனையாக வளர்த்தார்கள். மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு. பிறகு 1970-ல் ஸ்வான், கான்ஸ் இருவரும் நுனியில் பலூன் வைத்த கதீட்டரைக் கொண்டு வந்தார்கள். அடுத்த ஆண்டே குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி, ரத்தத்தின் வெப்பநிலை எவ்வளவு நேரத்தில் மாறி மீள்கிறது என்பதைக் கொண்டு ஓட்டத்தைக் கணக்கிடும் தெர்மோடைல்யூஷன் முறையும் மனிதர்களிடம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நம்மில் மூத்தவர்கள் பலர் அந்த மஞ்சள் நிறக் குழாயோடு இரவுகளைக் கழித்தவர்கள்தான்.

ஆனால் கழுத்துச் சிரையில் துளை போட்டு, இதயத்துக்குள் குழாயை விட்டு அளப்பது சும்மா இல்லை. ரத்தக் கசிவு, தொற்று, துடிப்புக் கோளாறு, அரிதாக நுரையீரல் தமனியே கிழிந்து போவது, எல்லாம் உண்டு. 1996-ல் அமெரிக்காவில் 5,735 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு ஒன்று வெளியாகி, கதீட்டர் வைத்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது என்று சொன்னதும் பெரும் பரபரப்பு. பிறகு 2005-ல் இங்கிலாந்தில் நடந்த பேக்-மேன் ஆய்வும், அதே ஆண்டு இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த எஸ்கேப் ஆய்வும் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தன. கதீட்டர் வைத்ததால் இறப்பு கூடவில்லை; குறையவும் இல்லை. "அப்புறம் எதுக்கு இந்தத் தொந்தரவு?" என்று உலகம் கேட்டது. ஊசியே குத்தாமல் அளக்கும் கருவிகளுக்குக் கதவு அகலமாகத் திறந்தது.

ஆரோக்கியமான நெஞ்சுக்குப் பிறந்த கருவிகள்

இப்போது வார்டுக்கு வரும் கம்பெனிப் பிரதிநிதியின் பேச்சை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "சார், நாலு ஸ்டிக்கர் ஒட்டினா போதும். ரெண்டு நிமிஷத்துல கார்டியாக் அவுட்புட் ஸ்கிரீன்ல வந்துடும். ரத்தமே பார்க்க வேண்டாம்." உண்மைதான், வந்துவிடும். எண் வருவதில் எந்தக் கருவியும் குறை வைப்பதில்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். முக்கியமான நான்கை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

முதலாவது, நெஞ்சின் மின்தடையை அளக்கும் முறை. இம்பீடன்ஸ் கார்டியோகிராஃபி. ரத்தம் மின்சாரத்தைக் கடத்தும், காற்று கடத்தாது. ஒவ்வொரு துடிப்பிலும் மகாதமனியில் ரத்தம் நிரம்பும்போது நெஞ்சின் மின்தடை துளி குறைகிறது. அந்தத் துளியிலிருந்து ஒரு துடிப்பின் ரத்த அளவைக் கணக்கிடுவது. இதை 1966-ல் மினசோட்டாவில் குபிசெக் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் தேவைக்காக உருவாக்கினார்கள். விண்வெளி வீரர் யார்? ஆயிரம் பேரில் சலித்து எடுத்த ஆரோக்கியமான ஆள். அவருடைய நுரையீரலில் காற்று மட்டும்தான் இருக்கும்.

நம்ம நோயாளியின் நெஞ்சில் என்ன இருக்கிறது? நுரையீரலில் நீர்க்கோப்பு, நுரையீரல் உறையில் நீர், அறுவை சிகிச்சைக்குப் பின் நெஞ்செலும்பில் கம்பி, சிலருக்குப் பேஸ்மேக்கர். நெஞ்சுக்குள் நீர் சேர்ந்தால் அடிப்படை மின்தடை இறங்கிவிடும். குபிசெக் சூத்திரத்தில் அது வகுக்கும் இடத்தில், அதுவும் வர்க்கமாக இருக்கிறது. அதே நேரம் துடிப்போடு வரும் சிறிய மாற்றமும் நீரில் மங்கிப் போகிறது. ஒன்று எண்ணை மேலே இழுக்கும், மற்றொன்று கீழே இழுக்கும். எது ஜெயிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாவது, வாயுவை மீண்டும் மீண்டும் சுவாசிக்க வைக்கும் முறை. டென்மார்க்கைச் சேர்ந்த குரோகும் லிண்ட்ஹார்டும் 1912-லேயே இதைச் செய்து காட்டினார்கள். ஒரு பையில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு. நம்ம மயக்க மருந்து நண்பர்களின் அதே சிரிப்பு வாயுதான். அது ரத்தத்தில் கரையும். கூடவே கரையாத சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு கொஞ்சம். நோயாளி பத்து இருபது வினாடி அந்தப் பைக்குள்ளேயே மூச்சு விட்டு இழுக்க வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அவ்வளவு வேகமாக ரத்தம் நுரையீரலைக் கடந்து ஓடுகிறது. கரையாத வாயு நுரையீரலின் கொள்ளளவைச் சொல்லிவிடும். அழகான யோசனை. இதயம் பலவீனமாகி, நுரையீரல் ஓரளவு நன்றாக இருப்பவர்களிடம் இது ஃபிக் முறையோடு சுமாராக ஒத்தும் போகிறது.

ஆனால் பீடியும் விறகடுப்புப் புகையும் நுரையீரலைத் தின்றுவிட்ட ஒருவரிடம் என்ன ஆகும்? அவருடைய நுரையீரலில் ஒரு பகுதியில் காற்று போய்ச் சேர்வதற்குள் அந்த இருபது வினாடி முடிந்துவிடும். பையில் உள்ள வாயு சரியாகக் கலக்காது. காற்றே போகாத பகுதி வழியாக ஓடும் ரத்தம் கணக்கிலேயே வராது. நாமாக ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். கடுமையான மூச்சுத் திணறல் உள்ளவரிடம் போய், "ஐயா, இந்தப் பைக்குள்ள மூச்சு விடுங்க" என்றால், அவர் நம்மைப் பார்க்கும் பார்வையே பதில்.

மூன்றாவது, நாடி அலையின் வடிவத்திலிருந்து கணக்கிடும் முறை. விரலில் சின்னப் பட்டை கட்டினால் துடிப்புக்குத் துடிப்பு அலை வரும். அலையின் பரப்பிலிருந்து ரத்த அளவு. இதற்கு ரத்தக்குழாயின் நெகிழ்ச்சி தெரிந்திருக்க வேண்டும். கருவிக்கு அது தெரியாது. வயது, உயரம், எடை இவற்றை வைத்து ஊகித்துக் கொள்ளும். அதிர்ச்சி நிலையில் உள்ளவருக்கு நாரட்ரினலின் ஏற்றியவுடன் குழாய் இறுகிவிடும், ஊகம் தவறிவிடும். விரல் ஜில்லிட்டுப் போனால் அலையே சரியாக வராது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் ஒவ்வொரு அலையும் ஒரு விதம். ஆக, எந்த நோயாளிக்கு இந்த எண் மிகவும் தேவையோ, அவரிடம்தான் இது கைவிடுகிறது.

நான்காவது, நம் எல்லோருக்கும் பழக்கமான எக்கோ. இடது கீழறையின் வாசலில் விட்டத்தை அளந்து, பரப்பைக் கண்டு, டாப்ளரால் ரத்தம் ஓடும் தூரத்தைப் பெருக்குவது. நல்ல முறை. ஆனால் விட்டத்தை வர்க்கம் செய்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. உண்மையான விட்டம் 2 சென்டிமீட்டர், நாம் 1.8 என்று அளந்துவிட்டோம் என்றால், பரப்பு 3.14-லிருந்து 2.54-ஆகக் குறைகிறது. இரண்டு மில்லிமீட்டர் கை தவறியதற்கு 19 சதவீதம் அபராதம். காற்று அடைத்து உப்பிய எம்ஃபிசிமா நெஞ்சில் அந்த வாசலைத் தெளிவாகப் பார்ப்பதே பாடு.

நான்கையும் சேர்த்துப் பாருங்கள். நெஞ்சில் நீர் இல்லை, நுரையீரலில் காற்று சமமாகப் பரவுகிறது, ரத்தக்குழாய் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது, ஒலி அலைக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இவற்றில் ஒன்றை நம்பித்தான் நிற்கிறது. இதய நோயும் நுரையீரல் நோயும் முதலில் கை வைப்பது அந்த நம்பிக்கையில்தான்.

ஒத்துப் போகிறது என்றால் என்ன?

"ஆனா சார், ஆராய்ச்சிக் கட்டுரையில கதீட்டரோட நல்லா ஒத்துப் போகுதுன்னு போட்டிருக்கே" என்று மாணவர்கள் கேட்பீர்கள். எப்படி ஒத்துப் போகிறது என்று பார்க்க வேண்டும். பழைய கட்டுரைகளில் ஒட்டுறவுக் கெழு 0.9 என்று போட்டு முடித்துவிடுவார்கள். ஒரு கடைக்காரர் தராசு எப்போதும் இரண்டு மடங்கு காட்டுகிறது என்று வையுங்கள். சரியான தராசோடு அதை ஒப்பிட்டால் ஒட்டுறவுக் கெழு 1 வரும். நூற்றுக்கு நூறு! ஆனால் அந்தக் கடையில் நீங்கள் சாமான் வாங்குவீர்களா?

1986-ல் பிளான்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு இங்கிலாந்துப் புள்ளியியலார் லான்செட் இதழில் இதைத் தெளிவாக்கினார்கள். இரு கருவிகளின் வித்தியாசத்தை ஒவ்வொரு நோயாளியிடமும் கணக்கிடு. சராசரி வித்தியாசம் என்ன, நூற்றில் 95 பேரின் வித்தியாசம் எந்த எல்லைக்குள் அடங்குகிறது என்று சொல் என்றார்கள். சராசரி மட்டும் போதாது. ஆற்றின் சராசரி ஆழம் இடுப்பளவுதான் என்று கணக்குப் போட்டு இறங்கியவன் நடு ஆற்றில் மூழ்கிய கதை நமக்குத் தெரியும். ஒரு நோயாளிக்கு 2 லிட்டர் கூட்டியும், அடுத்தவருக்கு 2 லிட்டர் குறைத்தும் காட்டும் கருவிக்கும் சராசரிப் பிழை பூஜ்யம்தான்.

1999-ல் ஹாங்காங்கிலிருந்து கிரிட்ச்லி என்ற பெயர் கொண்ட இருவர் ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். அந்த 95 சதவீத எல்லையைச் சராசரி கார்டியாக் அவுட்புட்டால் வகுத்தால் பிழை சதவீதம் வரும். அது 30-க்குள் இருந்தால் புதிய கருவியை ஏற்கலாம் என்றார்கள். 30 எப்படி வந்தது? நாம் தங்கம் என்று நினைக்கும் தெர்மோடைல்யூஷனிலேயே 20 சதவீதம் வரை பிழை உண்டு. புதிய கருவிக்கும் அதே 20 சலுகை. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுத்தால் 28. முழு எண்ணாக 30. உரைகல்லே கொஞ்சம் தேய்ந்தது என்பதைக் கவனியுங்கள். இதயச் சுவரில் ஓட்டை இருந்தாலோ, மூவிதழ் வால்வு கடுமையாகக் கசிந்தாலோ தெர்மோடைல்யூஷனும் தடுமாறும்.

சரி, அந்த 30-ஐ யார் தாண்டினார்கள், யார் தாண்டவில்லை? 2010-ல் பெய்டன், சோங் இருவரும் அறுவை சிகிச்சை அரங்கிலும் தீவிர சிகிச்சையிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நாடி அலை, உணவுக்குழாய் டாப்ளர், கரியமில வாயு மறுசுவாசம், நெஞ்சு மின்தடை ஆகிய நான்கு முறைகளுக்கும் பிழை சதவீதம் 41-க்கும் 45-க்கும் இடையில் வந்தது. ஒன்றுகூட 30-க்குள் வரவில்லை. 2017-ல் உடலுக்குள் எதையுமே செலுத்தாத கருவிகளை மட்டும் தொகுத்துப் பார்த்ததில் 47 சதவீதம்.

45 சதவீதம் என்றால் கட்டிலருகே என்ன பொருள்? உண்மையில் 4 லிட்டர் ஓடுகிறவரிடம் கருவி 2.2 என்றும் காட்டலாம், 5.8 என்றும் காட்டலாம். 2.2 என்றால் ஐ.சி.யூ.வுக்கு ஓடுவோம். 5.8 என்றால் டிஸ்சார்ஜ் கார்டு எழுதுவோம். ஆள் ஒருவர்தான்.

ஒரு கோடு, ஒரு உயிர்

இது வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நம் நாட்டில் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை 1994-ல் டில்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் தலைமையில் நடந்தது. 2008-ல் தமிழ்நாட்டில் உறுப்பு தானத் திட்டம் ஒழுங்குபட்ட பிறகு, இதய மாற்று என்பது நம்ம நோயாளிகளும் கேட்கிற சிகிச்சையாகிவிட்டது. மாற்று இதயத்துக்குப் பெயர் பதிவு செய்வதற்கு முன் நுரையீரல் ரத்தக்குழாயின் தடையைப் பார்ப்போம். தடை மிகுந்திருந்தால், புதிதாக வைத்த இதயத்தின் வலது பக்கம் அந்தச் சுமையைத் தாங்காமல் மேஜையிலேயே தோற்றுப் போகலாம். 3 வுட் அலகைத் தாண்டினால் மருந்து கொடுத்து இறங்குகிறதா என்று சோதிப்போம். இறங்காமல் 5-ஐத் தாண்டி நின்றால் பெரும்பாலான குழுக்கள் தயங்கும்.

நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 38, வெட்ஜ் அழுத்தம் 20. வித்தியாசம் 18. கார்டியாக் அவுட்புட் 4 லிட்டர் என்றால் தடை 4.5. மேற்கொண்டு சோதித்துப் பார்க்கலாம், வழி இருக்கிறது. அதே ஆளுக்குக் கருவி 3 லிட்டர் என்று காட்டினால் தடை 6. "இவருக்கு முடியாது" என்று ஃபைலை மூடலாம். 5.2 என்று காட்டினால் 3.5. "பெரிதாகக் கவலை இல்லை" என்று முன்னால் போகலாம். இந்த இரண்டு தவறுமே ஏற்கத்தக்கது என்று சொன்ன 30 சதவீதத்துக்குள் அடங்கியவை! நுரையீரல் ரத்த அழுத்த நோயை நிர்ணயிப்பதிலும் இதே கதைதான். 2022-ல் ஐரோப்பிய வழிகாட்டு நெறி அந்தத் தடையின் எல்லையை 3-லிருந்து 2-ஆக இறக்கியது. கோடு இறங்க இறங்க, சிறிய பிழையும் ஆளைக் கோட்டின் அந்தப் பக்கம் தள்ளிவிடும். இப்படிப்பட்ட முடிவுகளுக்கு இன்றைக்கும் கதீட்டர்தான் வேண்டும். ஸ்டிக்கரை ஒட்டி ஒருவருடைய விதியை எழுதக் கூடாது.

அப்படியானால் இந்தக் கருவிகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "எத்தனை லிட்டர்?" என்பது ஒரு கேள்வி. "கூடுகிறதா, குறைகிறதா?" என்பது வேறு கேள்வி. வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினாலும், இட்லி வெந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைச் சரியாகவே சொல்லும். கருவியின் பிழை ஒரே மாதிரி நிலையாக இருந்தால், போக்கை நம்பலாம். உதாரணமாக, நோயாளியின் கால்களை உயர்த்திப் பிடித்தால் காலில் உள்ள ரத்தத்தில் சுமார் 300 மில்லி இதயத்தை நோக்கி வரும். ஒரு நிமிடத்துக்குள் கார்டியாக் அவுட்புட் 10 சதவீதமாவது உயர்ந்தால், இவருக்குச் சலைன் பலன் தரும். உயரவில்லை என்றால் சலைன் ஏற்றுவது நுரையீரலைத்தான் நனைக்கும். இதற்கு 4-ஆ 5-ஆ என்பது முக்கியம் இல்லை. எக்கோவில் விட்டத்தைக்கூட அளக்க வேண்டாம், டாப்ளர் தூரம் மட்டும் போதும். ஆனால் இடையில் நெஞ்சு நீரை எடுத்தாலோ, நாரட்ரினலினைக் கூட்டினாலோ, பிழை இடம் மாறிவிடும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதயத் தசை பலவீனமாகி, இடது பக்கம் நுரையீரல் உறையில் நிறைய நீர் கட்டியிருந்தவர். ஐம்பது வயதிருக்கும், தறி ஓட்டுகிறவர். மருந்துகளுக்கு நன்றாகத் தேறி வந்தார். அந்த நேரம் ஒரு மின்தடைக் கருவியைப் பரீட்சித்துப் பார்க்கக் கொண்டு வந்திருந்தார்கள். இவருக்கு ஒட்டியதும் 2.4 லிட்டர் என்று காட்டியது. இளம் டாக்டர்கள் டோபூட்டமின் தொடங்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். டோபூட்டமின் பச்சைத் தண்ணீர் இல்லை. பலவீனமான இதயத்தில் ஆபத்தான துடிப்புக் கோளாறை அது கிளப்பிவிடலாம். அங்கே நின்றிருந்த மூத்த சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், காலையிலயிருந்து ஒன்றுக்கு நல்லா போறாரு. கை காலெல்லாம் கதகதப்பா இருக்கு. இப்பதான் பேரனோட போன்ல பேசினாரு. இவருக்கா ரெண்டரை லிட்டர்?" எக்கோவை வைத்துப் பார்த்தோம். 4 லிட்டருக்கு மேல் வந்தது. மதியம் நுரையீரல் உறையிலிருந்து நீரை எடுத்தோம். சாயங்காலம் அதே கருவி 4.3 என்று காட்டியது. இடையில் இதயத்துக்கு ஒரு சொட்டு மருந்தும் கூட்டவில்லை. மாறியது இதயம் இல்லை, நெஞ்சுக்குள் இருந்த நீர்.

அந்தச் சிஸ்டர் பார்த்ததை நாம் எல்லோரும் பார்க்க முடியும். விரல் நுனியை அழுத்தி விட்டு, நிறம் திரும்ப எத்தனை வினாடி என்று பார்ப்பது காசில்லாத பரிசோதனை. தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் செப்டிக் ஷாக் நோயாளிகள் 424 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், இந்த விரல் சோதனையை வைத்து நடத்திய சிகிச்சை, ரத்தத்தில் லாக்டேட் அளந்து நடத்திய சிகிச்சைக்குச் சளைத்ததாக இல்லை. கருவி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கருவி ஒரு சாட்சி. நோயாளியும் ஒரு சாட்சி. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

மாணவர்களுக்கு நான்கு வார்த்தை

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் வேலை பார்க்கும் இடத்துக்கும் இப்படி ஒரு புதிய கருவி வரும். பெயர் மாறலாம், ஸ்கிரீன் பெரிதாகலாம். நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இது எதை நேராக அளக்கிறது, எதை ஊகிக்கிறது? இரண்டு, யாரிடம் சோதித்தார்கள்? ஆரோக்கியமான வாலிபர்களிடமா, அல்லது என் வார்டில் இருப்பது போன்ற இதய, நுரையீரல் நோயாளிகளிடமா? மூன்று, எதோடு ஒப்பிட்டார்கள், பிழை சதவீதம் எவ்வளவு? ஒட்டுறவுக் கெழுவை மட்டும் காட்டினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நான்கு, இந்த எண் மாறினால் என் சிகிச்சை மாறுமா? மாறாது என்றால் அளப்பது எதற்கு? மாறும் என்றால், அந்த மாற்றத்தின் சுமையைத் தாங்கும் அளவுக்கு இந்த எண் உறுதியானதா?

இந்த நான்காவது கேள்விதான் எனக்கு முக்கியம். கதீட்டர் ஆய்வுகள் சொன்னதும் அதுதான். சரியான எண்கூடத் தானாக யாரையும் பிழைக்க வைப்பதில்லை. அந்த எண்ணைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. தவறான எண்ணோ, நல்ல டாக்டரையும் தவறான பாதையில் தைரியமாக நடக்க வைத்துவிடும்.

கருவிகள் மேம்படும், சந்தேகமே இல்லை. மின்தடையின் அளவுக்குப் பதிலாக அலையின் கட்ட மாற்றத்தைப் பார்க்கும் பயோரியாக்டன்ஸ் முறை 2007 வாக்கில் வந்தது. கைக்குள் அடங்கும் எக்கோ வந்துவிட்டது. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் ஒருவரே இதைவிட நல்லதைக் கண்டுபிடிக்கலாம். அப்படிக் கண்டுபிடித்தால் தயவு செய்து அதை நெஞ்சில் நீர் கட்டியவரிடமும், எம்ஃபிசிமாக்காரரிடமும், துடிப்பு ஒழுங்கில்லாதவரிடமும் முதலில் சோதியுங்கள். அங்கே ஜெயித்தால் மற்ற இடத்தில் தானாக ஜெயிக்கும்.